ஆட்டுப் பட்டியும் அதன் காவலும்

எம்மோடு இக்கல்லூரியில் ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவர் உளர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பதினாறு ஆண்டுகள் ஊழியம் பார்த்துப் பின்னர் அதனை விடுத்து, கவரைப்பேட்டைக்கு மேற்கே தம் தந்தையார் வைத்துச் சென்ற ஒன்றரை ஏக்கர் நிலத்தில் வெள்ளாடு வளர்த்து வருகின்றார். சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள் வைகறையில் அவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்து, "ஏழு போயிற்று" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். குரலைக் கேட்ட அளவிலேயே செய்தி விளங்கிற்று. அன்று முற்பகலே மின்சார ரயிலேறிச் சென்று கண்டோம்.

பட்டியின் படல் ஒரு மூலையில் அடிமண் பறிக்கப்பட்டு ஒரு சாண் உயரம் தூக்கி நின்றது. உள்ளே இருபத்திரண்டு ஆடுகளில் ஏழு மடிந்து கிடந்தன. வேறு மூன்று, காயத்தோடு நிற்கமாட்டாமல் நின்றன. தொண்டையிலும் பின்னந்தொடையிலும் பற்குறிகள் இருந்தனவேயன்றி, ஓர் ஆட்டின் இறைச்சியேனும் தின்னப்படவில்லை. பசியால் வந்த விலங்கின் செயலன்று இது. ஓடுகின்ற உயிரைத் துரத்திக் கடிக்கும் வெறி தலைக்கேறிய தெருநாய்க் கூட்டத்தின் செயல். இறந்தவற்றுள் இரண்டு நிறைசினை. வெள்ளாடு ஐந்து திங்கள் கருச்சுமந்து ஈனுவது. ஆகவே அவ்விரண்டோடு, பிறவாத குட்டிகளும், அவற்றை நம்பி எழுதி வைத்திருந்த கணக்கும் போயின. நண்பரின் தாயார் கொட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்தவர் எம்மைக் கண்டதும், "வாப்பா, பாத்தியா எங்க கதிய" என்றார். மறுமொழி ஒன்றும் எமக்குத் தோன்றவில்லை.

எனினும் எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது பட்டியிற் கண்ட காட்சியன்று. வீட்டின் முன்வாயிலில் இரும்புச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு, நண்பர் ஈராண்டுகட்கு முன் பெருவிலை கொடுத்து வாங்கிய அல்சேஷியன் நாயொன்று படுத்திருந்தது. அது இரவெல்லாம் குரைத்ததாம். இரவு முறை முடிந்து ஆலையினின்றும் மோட்டார் சைக்கிளிற் செல்வோரைக் கண்டு அது நாள்தோறும் குரைப்பது வழக்கமாதலின், நண்பரும் புரண்டு படுத்து உறங்கிவிட்டார். வாயிலுக்கும் பட்டிக்கும் இடையே எண்பது அடி தூரமிருக்கலாம். நாயிருந்தும் காவல் இல்லை.

இந்நிகழ்ச்சியே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று. வாயிற்காவல் வேறு, மந்தைக்காவல் வேறு என்பதை நம் பக்கத்துச் சிறு ஆடு வளர்ப்போர் மறந்து வருகின்றனர். மந்தைக்காவல் நாய் சந்தையில் விலைக்குக் கிடைக்கும் பொருளன்று. பட்டிக்குள் ஆடுகளோடு ஒன்றாய் வளர்ந்து உருவாவது. அதனை உருவாக்க வெளிநாட்டு வித்தும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா, பொறுமை வேண்டும். இதுவே எம் கருத்து.

திருவள்ளூர் மாவட்டத்தின் இவ்வடகோடி, ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையும் புதர்க்காடுமாக இருந்தது. 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் பேட்டைகளுள் ஒன்று பின்னர்க் கும்மிடிப்பூண்டியில் அமைந்தது. இரும்புருக்கும் உலைகளும் பிற ஆலைகளும் வந்தன; ஊதியமும் வந்தது. அதனை யாம் பழிப்பதற்கில்லை. எம் நண்பரின் இல்லம் எழுந்ததும் அவ்வூதியத்தினாலேயே. ஆனால் ஆட்டுக்கு வேண்டிய நிலம் சுருங்கிற்று. தேர்வாய்க்கண்டிகையில் புதியதொரு தொழிற்பூங்காவிற்காக ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் எடுக்கப்பட்டபொழுது ஊரார் பல்லாண்டு எதிர்த்து நின்றமை பலர்க்கும் நினைவிருக்கும். இன்று இப்பக்கத்து ஆடுகள் ஆலை மதிலோரத்துப் புல்லையும், விற்கப்படாது கிடக்கும் மனைகளிலுள்ள முட்செடியையும், நெடுஞ்சாலைக் கரையிலுள்ள தழையையும் கடித்து உயிர் வாழ்கின்றன. அங்கேதான் தெருநாய்களும் வாழ்கின்றன.

அவை பெருகியமைக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் உண்ணும் இடங்களில் எச்சிற்சோறு வெளியே கொட்டப்படுகின்றது. கோழிக்கடைக் கழிவு மூட்டையாகக் கட்டி ஏரிக்கரையில் எறியப்படுகின்றது. நண்பரின் நிலத்திற்கு அரைக்கல் தொலைவில் அத்தகைய குவியல் ஒன்றை யாமே கண்டோம். அதனைச் சுற்றிப் பதினான்கு நாய்கள் இருந்தன. பிறரைச் சுட்டுமுன் நம் விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறத்தையும் ஒருமுறை சென்று காணுதல் நலம். பகலிற் சோறு கிடைக்குமிடத்தில் இனம் பெருகும். இரவில் அவ்வினம் கூட்டமாகத் திரியும். 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி தெருநாய்கட்குக் கருத்தடை செய்து தடுப்பூசியிட்டுப் பிடித்தவிடத்திலேயே விடுவது பொது முறை. அம்முறை நகரத்துக்கே எட்டாக்கனியாய் இருக்கையில் சிற்றூருக்கு எப்பொழுது வந்து சேரும்?

இஃது இவ்வட்டத்திற்கு மட்டும் உரிய துன்பமன்று. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் காங்கயம், வெள்ளக்கோவில், சென்னிமலை முதலிய பக்கங்களில் தெருநாய்கள் பட்டி பட்டியாக ஆடுகளைக் கொன்றமையால், உழவர்கள் இறந்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்து போராடினர். 2025ஆம் ஆண்டில் மாநில அரசு இழப்பீடு வழங்க முன்வந்தது. அது நற்செயலே. ஆயினும் இழப்பீடு என்பது இழந்த பின்னர் வருவது.

தெருநாய் ஒருபுறமிருக்க, கள்வர் மற்றொருபுறம். ஆட்டுத் திருட்டைச் சிறு குற்றமென்று எண்ணுவோர் 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நிகழ்ந்ததை நினைவுகூர்க. திருச்சிராப்பள்ளியை அடுத்து, ஆடு திருடிச் சென்றோரை நள்ளிரவில் தன்னந்தனியே விரட்டிச் சென்ற காவல்துறைச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் புதுக்கோட்டை எல்லைக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலையும் மாநில எல்லையும் அருகிருக்கும் நம் பக்கத்தில், வண்டியில் ஏற்றிய ஆடு விடிவதற்குள் எளாவூர்ச் சோதனைச்சாவடியைக் கடந்து ஆரம்பாக்கத்திற்கு அப்பால் சென்றுவிடக்கூடும்.

மந்தையைக் காக்கும் நாய் தமிழர்க்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னுமிடத்தில் நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது; ஏழாம் நூற்றாண்டினது. எருமைகளைக் காக்கப் பொருது மடிந்த வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில் அவன் உருவத்தின் அருகே நாயொன்றின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. அரசர் பலருடைய பெயரே மறைந்துபோன இந்நாட்டில், கால்நடை காத்த நாயொன்றின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கின்றது. இன்றும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடைக்குப் பின் மந்தையோட்டிச் சென்று அயலூர் வயல்களிற் கிடை போடுங்கால் நாய்களையும் உடன் கொண்டு செல்கின்றனர். நிலையாக ஓரிடத்திற் பட்டி வைத்துப் பத்து இருபது ஆடு வளர்ப்போரிடத்திலேதான் அவ்வழக்கம் தேய்ந்துவிட்டது.

நாய் எவ்வாறு ஆட்டின் காவலாகின்றது என்பதை நன்கு விளக்கியவர், நம் மாணவர்கள் வேறு காரணத்தால் அறிந்த டார்வின் பெருமகனாரே. பீகிள் கப்பலிற் சென்ற அவர் 1833ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவில், இன்று உருகுவே எனப்படும் நாட்டில், மனிதரும் வீடும் இல்லாத வெளியில் ஒன்றிரண்டு நாய்களே பெரும் மந்தையைக் காத்து நிற்கக் கண்டு வியந்தார். உசாவியபொழுது அவர் அறிந்தது இது. குட்டியை மிக இளம்பருவத்திலேயே தாயினின்றும் பிரித்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை பெண்ணாட்டைப் பிடித்து நிறுத்தி அதன் பாலையே ஊட்டுவர், ஆட்டுப் பட்டியிலேயே மயிரால் மெத்தையிட்டுக் கிடத்துவர், பிற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் கூடவிடார், விதையும் அடித்துவிடுவர். இங்ஙனம் வளர்ந்த நாய் ஆட்டையே தன் இனமாகக் கருதும். உணவுக்காக அது வீட்டிற்கு வருங்கால் வீட்டு நாய்கள் அதனைத் துரத்தும், அதுவும் அஞ்சியோடும். ஆயின் தன் மந்தையை அடைந்தவுடனே திரும்பி நின்று குரைக்கும். துரத்தி வந்தவை அனைத்தும் வாலை மடக்கி ஓடும். வீட்டருகே கோழையாய் இருந்தது மந்தையருகே வீரனாகின்றது! நாயின் குணத்தைப்பற்றி இதனினும் நுட்பமான செய்தி யாம் படித்ததில்லை.

அண்மைக் காலத்து ஆராய்ச்சியும் இதனையே உறுதி செய்கின்றது. அமெரிக்காவில் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சார்ந்த கோப்பிங்கர் தம்பதிகள் 1970களின் இறுதியினின்று இத்தாலி, துருக்கி முதலிய நாடுகளின் மந்தைக்காவல் நாய்களைக் கொணர்ந்து உழவரிடம் கொடுத்து ஆராய்ந்தனர். மந்தையை விட்டு அகலாமை, ஆட்டுக்குத் தீங்கு செய்யாமை, அயல் விலங்கு வந்தால் எதிர்த்து நிற்றல் என்னும் மூன்று பண்புகளே இந்நாய்க்கு வேண்டுவன என்றும், பிறந்த சில வாரங்களுக்குள் அமையும் பழக்கமே முதலாவதற்கு அடிப்படை என்றும் அவர்கள் கண்டனர். இன்னும் நமக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்கப் பழங்குடியினராகிய நவஹோ மக்கள் உயர்ந்த சாதி நாய்களை நாடுவதில்லை. கலப்பினத்து ஊர்நாய்க் குட்டிகளையே ஆட்டுப் பட்டியில் வளர்த்து, ஓநாய் போன்ற கொயோட்டு விலங்கினின்றும் தம் ஆடுகளைக் காத்துக்கொள்கின்றனர். இது 1980களில் ஆராய்ச்சியாளரால் எழுதப்பெற்றது.

ஆதலின் எந்த நாயை வைப்பது என்னும் வினாவிற்கு எம் விடை எளிது. பனிமலைச் சாரலிற் பிறந்த அடர்ந்த மயிருடைய வெள்ளைப் பெருநாய்களின் படத்தைக் காட்டி இந்நாளில் விற்போர் பலர். கத்திரி வெயிலில் கும்மிடிப்பூண்டியில் அந்நாய் படும் பாட்டை எண்ணினாலே நெஞ்சு பதைக்கின்றது. நம் நாட்டினங்களிலும் வேற்றுமை உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்த வேட்டை நாய்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் இயல்பு. துள்ளி விளையாடும் ஆட்டுக்குட்டிகளுக்கிடையே அவ்வியல்பு நன்றன்று. (தென்மாவட்டங்களில் கன்னி என்றே ஓர் ஆட்டினமும் உண்டு, பெயரொற்றுமையை நம்பி இரண்டையும் ஒரு பட்டியில் அடைக்கற்க.) இராசபாளையம் நல்ல காவல் நாயே, ஆயினும் அவ்வினத்து வெண்ணிறத்தோடு செவிட்டுத் தன்மையும் சிலவற்றிற்கு வாய்ப்பதுண்டு, குட்டி வாங்குவோர் கைதட்டிச் சோதித்து வாங்குக. தேனி மாவட்டத்துக் கோம்பை, செம்பழுப்பு மேனியும் கருமுகமும் உடையது, விழிப்பும் துணிவும் மிக்கது, இப்பணிக்குப் பொருந்தும். அதுவும் கிடைக்கவில்லையாயின் அமைதியான குணமுடைய ஊர்நாயொன்றின் குட்டி போதும். அதன் மயிர் நம் வெயிலுக்கு ஏற்றது. நம் கூழும் கருவாடும் அதற்கு உடன்பாடு.

வளர்க்கும் முறையே தலையாயது. ஏழெட்டு வாரக் குட்டியைக் கொணர்ந்தவுடன் வீட்டுத் திண்ணையில் வைத்துக் குழந்தைகள் கொஞ்சத் தொடங்கினால் அது அன்றே வீட்டு நாயாகிவிட்டது; பின்னர் பட்டியிற் கொண்டு அடைத்தால் வீட்டை நோக்கியே ஊளையிடும். முதல் நாளிலேயே பட்டியின் ஒரு மூலையைத் தட்டியால் மறித்து, ஆடு புக இயலாததும் குட்டி புக இயலுவதுமான ஒரு சிறு வழி விட்டு, அங்கேயே அதற்குப் படுக்கையும் உணவும் அமைத்தல் வேண்டும். கொம்பால் முட்டும் கிடாவினின்றும் தப்பி ஒதுங்க அதற்கோர் இடம் வேண்டுமன்றோ? சாதுவான கிழ ஆடு ஒன்றிரண்டையும் சில குட்டிகளையும் அதனோடு பழகவிடுக. மனிதரை அறவே அறியாமல் வளர்ப்பதும் தவறே. டார்வின் கண்ட முறையை அப்படியே பின்பற்றினால் கால்நடை மருத்துவர் ஊசி போடவும் அந்நாயை அணுக முடியாது. வைத்தியரையும் கழுத்துப்பட்டையையும் உடையவர் குரலையும் அது அறிந்திருக்க வேண்டும், அவ்வளவு போதும்.

ஆறாம் திங்கள் முதல் ஓராண்டு கழியும் வரை அதற்கு விளையாட்டுப் பருவம். அப்பொழுது ஆட்டுக் காதைக் கவ்வும், குட்டியைத் துரத்தும். பெரும்பாலோர் "இது உதவாது" என்று நாயை விரட்டுவது இக்காலத்திலேதான். கண்ட அக்கணமே அதட்டித் தடுத்து, மேற்பார்வையில்லாத பொழுது தட்டிக்குப் பின்னே அடைத்து, அப்பருவத்தைக் கடத்திவிட வேண்டும். ஏறத்தாழ ஈராண்டு நிரம்பிய பின்னரே முழுக்காவல் கிடைக்கும். ஈனும் ஆட்டினருகே முதிராத நாயை விடுதலாகாது. நச்சுக்கொடியைத் தின்னும் ஆவலில் குட்டிக்கும் ஊறு செய்தல் கூடும்.

இனி, மறுப்புகளைக் காண்போம். நாயிருந்தால் வேலி வேண்டாவோ என்பர் சிலர். வேண்டும். எம் நண்பரின் படல் மூலை உறுதியாய் இருந்திருப்பின் அன்றிரவு அத்துணை இழப்பு நேர்ந்திராது. நல்ல நாய் பெரும்பாலும் கடித்து வெல்வதில்லை. நின்று குரைத்து, வந்தவற்றின் துணிவைக் கெடுத்து, உடையவரை எழுப்புகின்றது. பதினான்கு நாய்க்கு முன் ஒரு நாய் தனித்து நின்று வெல்லும் என்று யாம் உறுதி கூறமாட்டோம். இயன்றால் இரண்டு வைத்தல் நன்று. மூன்று நான்கு ஆடு மட்டும் வைத்திருப்போர்க்கு நாயே வேண்டா. இரவில் அவற்றை வீட்டையொட்டிய கொட்டிலில் அடைத்துத் தாழிடுவதே சிக்கனம்.

கள்வர் இறைச்சியில் நஞ்சு வைத்துக் கொன்றுவிடுவாரே என்பது வலிய மறுப்பு. மாலையில் வயிறார உண்ட நாய் கீழே கிடப்பதை எளிதில் தொடாது. தன் தட்டில் தன்னுடையவர் இட்டதையே உண்ணப் பழக்குவதும் ஓரளவு உதவும். முற்றும் காக்கும் வழி யாம் அறிந்தவரை இல்லை.

யாம் மிகவும் கருதுவது வேறொரு மறுப்பை. இரவு முறை முடித்து வட நாட்டுத் தொழிலாளர் பலர், வழியும் மொழியும் புதியவர், இருளில் நடந்தும் மிதிவண்டியிலும் இவ்வூர்களின் வழியே தங்குமிடம் செல்கின்றனர். நம் ஆட்டைக் காக்கும் நாய் அவர்களுடைய காலைக் கடிக்குமாயின் அது காவலன்று, கொடுமை. மந்தைக்காவல் நாய் பட்டி வேலிக்குள்ளேயே இருத்தல் வேண்டும், சாலையில் திரிதலாகாது. கருத்தடை செய்தல் அதனை அலையாமல் நிறுத்தும். ஊரில் மேலும் குட்டிகள் பெருகாமலும் தடுக்கும். தெருநாயைக் குறை கூறிக்கொண்டே ஆண்டுக்கு ஆறு குட்டிகளை ஏரிக்கரையில் விடுவோர் எத்தனை பேர்! வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் திங்களிலும், பின்னர் மருத்துவர் சொற்படி ஆண்டுதோறும் தவறாது இடப்பெறல் வேண்டும்.

நோயைப்பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும், பலர் அறியாதது. ஆடு அறுத்த வீட்டில் தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு எறிவது நம் நாட்டு வழக்கம். பெரியபாளையத்தில் நேர்த்திக்கடன் செலுத்தித் திரும்பும் நாட்களில் இதனைக் காணலாம். அவ்வுறுப்புகளில் நீர்க்கட்டி இருக்குமாயின், நாயின் குடலில் அது நாடாப்புழுவாகும்; புழுவின் முட்டை நாயின் மலத்தோடு புல்லிற் படியும்; அதனை மேய்ந்த ஆட்டின் மூளையிலோ ஈரலிலோ மீண்டும் கட்டி உண்டாகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து மடிவதைக் கண்டு, கண்ணேறு பட்டதென்று திருஷ்டி கழிப்போர் உளர். காரணம் பட்டியின் நாயே. நாயன்று, நாய்க்குப் பச்சை இறைச்சி எறிந்த கையே. ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மனிதன் வயிற்றிற் புகினும் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி எழுப்பும். வேகவைத்தே கொடுப்பதும், மூன்று திங்கட்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும் போதும். செலவு மிகச் சிறிது.

நம் கல்லூரி விலங்கியற் பகுதி மாணவர்கள் ஆண்டுதோறும் எங்கேனும் சுற்றுலாச் சென்று எதையேனும் எண்ணி வருகின்றனர். பழவேற்காட்டுப் பூநாரைகளை எண்ணியது போதும் என்று யாம் சொல்லோம். அவ்வழியிலேயே உள்ள சிற்றூர்களில் எத்தனை பட்டிகளில் நாயுண்டு, அவற்றுள் எத்தனை வாயிலிற் கட்டுண்டு கிடக்கின்றன, எங்கெங்கே ஆடு இழந்தனர் என்பதையும் ஒருமுறை எண்ணி வந்தால், அடுத்த மலரில் எம்மினும் உறுதியாக ஒருவர் எழுதலாம்.

எம் நண்பர் தைத் திங்கள் இறுதியில் ஊத்துக்கோட்டைப் பக்கத்து உறவினர் வீட்டினின்றும் எட்டு வாரப் பெண்குட்டி ஒன்றைக் கொணர்ந்து பட்டியில் விட்டார். முதலிரவு முழுதும் அது அழுததாம். தாயார் எழுந்து சென்று தூக்கிவர முயன்றதையும், தாம் தடுத்து நிறுத்தியதையும் நண்பர் எழுதியிருந்தார். மூன்றாம் இரவில், அந்தக் கொடிய இரவிற் காயமுற்றுப் பிழைத்த மூன்று ஆடுகளுள் ஒன்றின் வயிற்றோரத்தில் ஒண்டிப் படுத்து உறங்கிற்றாம். வாயிலில் இருந்த அல்சேஷியனின் சங்கிலியும் இப்பொழுது இரவில் அவிழ்க்கப்படுகின்றது. வீட்டைச் சுற்றிக் கம்பிவலை இட்டிருக்கின்றார். பட்டியின் மூலைக்குக் கருங்கல் இறக்கியாயிற்று. குட்டி காவல் செய்யுமா என்பது இன்னும் ஓராண்டேனும் கழிந்தே தெரியும். அதற்குக் கோவிவன் என்பதையொட்டிக் கோவி என்று பெயரிடலாமே என்று யாம் எழுதினோம். வீட்டார் முன்னமே மணி என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர் என்றும், அப்பெயருக்கே அது திரும்பிப் பார்க்கின்றது என்றும் மறுமொழி வந்தது.